புகைபோக்கியின் உயரமும் கந்தகத்தின் பயணமும்

நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்ஸைடு வாயுவுக்கு நம் தேசத்தில் 2015 டிசம்பரில்தான் முதன்முதலாக ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் நிறைவேறியிருக்க வேண்டிய அந்த விதி, தவணைக்கு மேல் தவணையாகத் தள்ளிப்போடப்பட்டு, கடைசியில் 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையினால், நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு நிலையங்களுக்கு, புகைபோக்கி குறிப்பிட்ட உயரம் இருந்தால் போதும் என்ற நிபந்தனையோடு, இல்லாமலே போயிற்று. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் விஞ்ஞான பரிபாஷையில் வருவதால் ஜனங்கள் அவற்றைச் சந்தேகியாமல் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் என் விசாரம்.

இந்திய நிலக்கரியில் கந்தகம் சொற்பம் என்பது முதல் நம்பிக்கை. நூற்றுக்கு அரைப் பங்கு அளவே உண்டு என்பது வாஸ்தவம்தான். ஆனால் அதே நிலக்கரியில் சாம்பல் 35 முதல் 45 பங்கு வரை இருப்பதால் அதன் உஷ்ணசக்தி குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 700 கிராம் வரை எரிக்க நேரிடுகிறது. ஒரு டன்னில் உள்ள 5 கிலோ கந்தகம் பிராணவாயுவோடு கூடி 10 கிலோ வாயுவாகிறது. இந்தக் கணக்கில், 1,000 மெகாவாட் நிலையம் முழு அளவில் ஒரு நாள் ஓடினால் வெளியாவது ஏறக்குறைய 168 டன். சொற்பம் என்ற வார்த்தை இதற்குப் பொருந்துமா?

இரண்டாவது நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பலமானது. 220 மீட்டர், 275 மீட்டர் உயரத்தில் விடப்படும் வாயு கலைந்துபோகிறது என்றும், நிலையத்தைச் சுற்றிய ஊர்களில் அளந்து பார்த்தால் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 80 மைக்ரோகிராம் என்ற தினசரி வரம்புக்கு உட்பட்டே இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். அளவு சரியாகவே இருக்கலாம்; அளக்கப்படும் வஸ்துதான் வேறு. உயரே சென்ற வாயு காற்றோடு மிதந்து செல்லுகையில், ஈரத்திலும் வெயிலிலும் கந்தக அமிலமாகி, வயல்களின் யூரியாவிலிருந்தும் கால்நடைகளின் கழிவிலிருந்தும் எழும் அம்மோனியாவோடு சேர்ந்து, தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான சல்ஃபேட் துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குழந்தையின் சுவாசப்பையில் போய் இறங்குகிறது. அங்கே அதற்குப் பெயர் கந்தக டை ஆக்ஸைடு அல்ல; பி.எம். 2.5. மின்நிலையத்தின் வாசலில் வைத்த கருவி இதை எவ்வாறு காட்டும்? பத்து லட்சம் ஜனத்தொகை கொண்ட நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் 2027 முடிவதற்குள் விதிக்கு உட்பட வேண்டும் என்று அந்த அறிவிக்கை வகுத்த எல்லையும் ஆகவே அர்த்தமற்றதாகிறது. உயரமான புகைபோக்கிகளை நம்பிய பிரிட்டனின் கந்தகம், கடல் கடந்து நார்வே, ஸ்வீடன் தேசத்து ஏரிகளை அமிலமாக்கி மீன்களை அழித்ததில் பங்கு கொண்டது. அந்த அனுபவமே 1979ல் ஜெனீவாவில் ஐரோப்பிய நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திடக் காரணமாயிற்று.

எஃப்.ஜி.டி. என்று வழங்கும் கந்தக நீக்கக் கோபுரம் கரியமில வாயுவை அதிகப்படுத்தும் என்பது வேறொரு வாதம். சுண்ணாம்புக்கல் கரைசல் 10 கிலோ கந்தக வாயுவைப் பிடிக்கும்போது கரியமில வாயு 7 கிலோகூட வெளிப்படுவதில்லை. அந்தக் கந்தகத்தைத் தந்த ஒரு டன் நிலக்கரியோ ஆயிரம் கிலோவுக்கு மேல் வெளியிடுகிறது. கோபுரத்தின் பம்புகளும் விசிறிகளும் கொள்ளும் மின்சாரத்தைச் சேர்த்தாலும் அதிகப்படுவது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான்.

செலவு மட்டும் மெய்யான கவலை. அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. கோபுரம் கட்டாமல் விலக்குப் பெற்றால் யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு மிச்சமாகும் என்று மின்துறையினர் மதிப்பிட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் 1990ல் அமில மழைச் சட்டம் வந்தபோதும் செலவைப் பற்றி இப்படியே பயமுறுத்தினார்கள். பின்னர் ஆன செலவு அந்த மதிப்பீடுகளுக்கு வெகுவாகக் குறைந்தே இருந்தது. கோபுரத்தின் அடியில் சேரும் ஜிப்ஸமோ சிமெண்ட் ஆலைகளுக்கு வேண்டிய சரக்கு. அதை நாம் வெளிநாட்டிலிருந்தும் தருவித்துக்கொண்டிருக்கிறோம். 25 காசை எண்ணிச் சொல்பவர்கள், சல்ஃபேட் துகளால் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவனின் செலவையும் அதே கணக்கில் எழுதிக் காட்டட்டும். அதற்குப் பிறகு விலக்கைப் பற்றிப் பேசலாம்.