மும்பை சுற்றப் போகிறீர்களா?

திங்கட்கிழமையை எலிஃபண்டா தீவுக்கு ஒதுக்காதீர்கள். அன்று அங்குள்ள குகைகளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து காலையிலேயே படகு பிடியுங்கள். கடலில் சுமார் ஒரு மணி நேரம். இறங்கியதும் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். பெரியவர்கள் உடன் வந்தால் வெயில் ஏறுமுன் போவது நல்லது. கையில் தண்ணீர் இருக்கட்டும், குரங்குகள் பறிக்கும் என்பதால் தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும். உள்ளே சுமார் 20 அடி உயர மும்முகச் சிவன் முன் அவசரப்படாமல் நில்லுங்கள். இந்த நகரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் உண்டென்றால், நான் இதைத்தான் சொல்வேன். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

லோக்கல் ரயிலில் காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் நெரிசல் கடுமையாக இருக்கும். பெட்டி படுக்கையோடு அந்நேரம் ஏறவே வேண்டாம். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு.

சினிமா பிரியர்கள் நட்சத்திரங்களின் வீட்டு வாசலில் காத்துக் கிடப்பதைவிட, பெடர் சாலையில் 2019இல் திறந்த இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அதற்கும் திங்கள் விடுமுறை.

சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையத்தை இருட்டிய பிறகு, விளக்கொளியில் எதிர்ச் சாலையிலிருந்து பாருங்கள். மரைன் டிரைவுக்கு மாலை நேரம். இட்லிக்கு ஏங்கினால் மாட்டுங்கா பகுதிக்குப் போங்கள்.