கோரில் கட்டிப்போட்டால் விஎம் வேகமாகிவிடுமா?

நம்பிக்கை: விசிபியுக்களை ஆளுக்கொரு கோரில் பின் பண்ணிவிட்டால் விஎம் வேகமாக ஓடும்.

உண்மை: பல விஎம்கள் பங்கிட்டுக்கொள்ளும் சர்வரில் பெரும்பாலும் அது மெதுவாகத்தான் ஆகும்.

இந்த ஒரு யோசனையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. டேட்டாபேஸ் திணறுகிறதா, பின் பண்ணு. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் ஓட நேரமாகிறதா, பின் பண்ணு. டிஸ்க் மெதுவாக இருப்பதற்குக்கூடப் பின் பண்ணச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்னும் பின்னும் அளந்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. "ஷெட்யூலர் விசிபியுவைக் கோர் கோராகத் தூக்கிப் போடுகிறது, கேஷ் வீணாகிறது, ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் சரியாகிவிடும்" என்ற விளக்கம் மட்டும் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. கேட்க நியாயமாக இருப்பதால்தான் இது இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது.

கட்டப்படுவது எது என்று முதலில் பார்க்கலாம். 2007-இல் லினக்ஸ் 2.6.20 கர்னலோடு வந்தது கேவிஎம். அதில் விசிபியு என்பது க்யூஎமு புராசஸின் சாதாரணமான ஒரு த்ரெட். ஹோஸ்டில் டாப் கட்டளையை த்ரெட் வாரியாக ஓட்டினால் 'சிபியு 0/கேவிஎம்', 'சிபியு 1/கேவிஎம்' என்று வரிசையாகத் தெரியும். மற்ற எந்த த்ரெட்டையும்போலத்தான் கர்னல் இவற்றையும் நடத்துகிறது. பின் பண்ணும்போது நாம் வைக்கும் அஃபினிட்டி என்பது, இந்த த்ரெட் எந்தெந்த கோரில் ஓடலாம் என்ற ஒரு பட்டியல், அவ்வளவுதான். அந்த கோரில் வேறு யாரும் ஓடக் கூடாது என்று அது எங்கேயும் சொல்வதில்லை.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு பின் பண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறு: "இந்த சீட் காலியானால்தான் நீ உட்காரலாம், வேறு எது காலியாக இருந்தாலும் உட்காரக் கூடாது" என்று தன் விஎம்முக்குத் தானே தடை போடுகிறார்கள். 5-ஆம் கோரில் பேக்கப் வேலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 20 கோர்கள் சும்மா கிடக்கும். பின் பண்ணப்பட்ட விசிபியு 5-இன் வரிசையிலேயே நிற்கும்.

"தூக்கிப் போடுகிறது" என்ற குற்றச்சாட்டும் பாதிதான் உண்மை. லினக்ஸ் ஷெட்யூலர் ஒரு த்ரெட்டை அது கடைசியாக ஓடிய கோரிலேயே எழுப்பத்தான் முதலில் பார்க்கும். அண்மையில் ஓடிய த்ரெட்டைக் 'கேஷ் சூடாக இருக்கிறது' என்று கணக்கில் வைத்து, லோடு சமன்படுத்தும்போது நகர்த்தத் தயங்கும். அதற்கான எல்லை, மாற்றாமல் விட்டால், 0.5 மில்லி நொடி. இடம் மாறிய த்ரெட் எல்1, எல்2 கேஷைத் திரும்ப நிரப்பிக்கொள்ளச் சில மைக்ரோ நொடிகள், மோசமான நிலையில் சில நூறு மைக்ரோ நொடிகள் ஆகலாம். பிஸியான கோரின் வாசலில் காத்திருப்பதோ மில்லி நொடிக் கணக்கு. சில்லறையை மிச்சம் பிடிக்கப்போய் நோட்டைத் தொலைப்பதை ட்யூனிங் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இதைவிட வருத்தமானது, பின் பண்ணியதாக நம்புகிற பலர் எதையும் பின் பண்ணவே இல்லை என்பது. அதிகம் புழங்கும் வழி, ஓடிக்கொண்டிருக்கும் க்யூஎமுவின் பிஐடியை டாஸ்க்செட்டிடம் '-பி' போட்டுக் கொடுப்பது. அது அந்த ஒரு எண்ணுக்குரிய த்ரெட்டை, அதாவது புராசஸின் முதன்மை த்ரெட்டை மட்டுமே கட்டும். ஏற்கனவே பிறந்துவிட்ட விசிபியு த்ரெட்கள் முன்போலவே சுதந்திரமாக அலையும். எல்லா த்ரெட்களுக்கும் பொருந்த வேண்டுமானால் '-ஏ'வும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் எமுலேஷன் வேலைகளைப் பார்க்கும் த்ரெட்களும் அதே கோர்களில் வந்து நெருக்கும். விசிபியு, எமுலேட்டர், ஐஓ த்ரெட் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கட்ட லிபவர்ட்டில் தனித்தனி அமைப்புகள் இருப்பது இதனால்தான். கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிந்ததும் "இப்போ வேகமா இருக்கு" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த எண் மாறியது?

சரியாகவே கட்டினாலும் எந்த எண்ணில் கட்டுகிறோம் என்ற சிக்கல் இருக்கிறது. ஒரு இடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். 8 விசிபியு கொண்ட விஎம்மை 0 முதல் 7 வரை பின் பண்ணியிருந்தார்கள். எட்டுக்கு எட்டு, கணக்கு சரி என்று நினைத்திருக்கிறார்கள். 'எல்எஸ்சிபியு -ஈ' போட்டுப் பார்த்தால், அந்த மெஷினில் 0-உம் 1-உம் ஒரே கோரின் இரண்டு ஹைப்பர்த்ரெட்கள், 2-உம் 3-உம் அடுத்த கோர். ஆக, எட்டு விசிபியு நாலே கோரில் முட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்து ராக்கில் இருந்த சர்வரில் எண் வரிசை வேறு மாதிரி: 0-இன் ஜோடி 32. ஒரு மெஷினுக்கு எழுதிய ஸ்கிரிப்ட்டை அப்படியே அடுத்ததற்கு ஓட்டியிருந்தார்கள். அதே ஸ்கிரிப்ட்டை இன்னொருவர் இரண்டாவது விஎம்முக்கும் ஓட்டியதில் அதுவும் 0 முதல் 7 வரையிலேயே வந்து விழுந்திருந்தது. மீதி கோர்கள் வெட்டியாக இருந்தன. அதிலும் எல்லோரும் 0-இலிருந்துதான் தொடங்குவார்கள். ஹோஸ்டின் சில்லறை வேலைகளும், பல சாதனங்களின் இன்டரப்ட்களும், வேறெதுவும் சொல்லாவிட்டால், அந்த 0-இல்தான் வந்து குவியும்.

இரண்டு சாக்கெட் சர்வர் என்றால் நூமாவும் உண்டு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பக்கத்து மெமரி, தூரத்து மெமரி என்று இருக்கிறது. விஎம் ஏற்கனவே முதல் சாக்கெட்டின் மெமரியைப் பிடித்து ஓடிக்கொண்டிருக்கும்போது, விசிபியுக்களை மட்டும் இரண்டாவது சாக்கெட்டின் கோர்களுக்கு மாற்றிக் கட்டினால், ஒவ்வொரு முறையும் மெமரிக்காக அடுத்த சாக்கெட்டுக்கு நடக்க வேண்டியதுதான். கர்னலின் தானியங்கி நூமா சமன்படுத்தல் மெல்ல மெல்லப் பக்கங்களை இழுத்து வரலாம். ஆனால் தனியே ஒதுக்கிய ஹியூஜ் பேஜ்களை அது தொடாது. பின் பண்ணுவதானால் மெமரியையும் சேர்த்தே பின் பண்ண வேண்டும்.

அப்படியானால் இந்த யோசனை எங்கிருந்து வந்தது? பின் பண்ணுவது சரியாக இருக்கும் இடங்களிலிருந்துதான். வீட்டு மெஷினில் கிராஃபிக்ஸ் கார்டை ஒரே ஒரு விண்டோஸ் விஎம்முக்குக் கொடுத்து கேம் ஆடுகிறவர்கள் பின் பண்ணுவார்கள். அவர்களிடம் போட்டிக்கு வேறு விஎம் இல்லை. ஏஎம்டியின் ஜென் 2-இல் நாலு நாலு கோராகத்தான் எல்3 கேஷைப் பகிர்கின்றன, ஜென் 3-இல் எட்டெட்டாக. அந்தக் கூட்டத்துக்குள் விஎம்மை அடைப்பதில் பொருள் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்களில் டிபிடிகே வைத்து நெட்வொர்க் பாக்கெட்களை ஓயாமல் உருட்டும் விஎம்கள் கோரை நூறு சதவீதம் தின்னும். அவற்றையும் பின் பண்ணியே ஆக வேண்டும். ஆனால் அங்கே பின் மட்டும் போதாது. ஐசால்சிபியுஸ், நோஹெர்ட்ஸ்-ஃபுல் போன்ற கர்னல் அமைப்புகளால் மற்ற எல்லாவற்றையும் அந்த கோர்களிலிருந்து வெளியேற்றிவிட்டுத்தான் கட்டுவார்கள். விஎம்வேரும் 2013-இல் விஸ்பியர் 5.5-இல் கொண்டுவந்த 'லேட்டன்சி சென்சிட்டிவிட்டி' அமைப்பில் இதற்காகவே கோரைத் தனியுரிமையாகக் கொடுக்கிறது. தனியுரிமையைப் பற்றிக் கவலைப்படாமல் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்ததுதான் தப்பு.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக இடம் தேவையில்லை.

விஎம்முக்குள் டாஸ்க் மேனேஜரில் அஃபினிட்டி வைத்தால் போதும் என்பார்கள். போதாது. அது விசிபியுவோடுதான் கட்டும். அந்த விசிபியுவை ஹோஸ்ட் எங்கே ஓட்டுகிறது என்பது உள்ளேயிருக்கும் விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது.

இஎஸ்எக்ஸ்ஐயில் அஃபினிட்டி வைப்பது நிபுணர் வேலை என்பார்கள். கையால் வைப்பதைத் தவிருங்கள், ரிசர்வேஷனையும் ஷேர்களையும் காப்பாற்றும் ஷெட்யூலரின் திறனை அது குலைக்கலாம் என்று விஎம்வேரின் சொந்தக் கையேடே எச்சரிக்கிறது.

விஎம்வேரில் பின் பண்ணினால் ஆரக்கிள் லைசன்ஸ் செலவு குறையும் என்பார்கள். இதை நம்பி ஆடிட்டில் மாட்டாதீர்கள். ஆரக்கிளின் பார்ட்டிஷனிங் கொள்கை விஎம்வேரை மென்பிரிப்பு என்றே வகைப்படுத்துகிறது. தன்னுடைய ஆரக்கிள் விஎம்மிலும் ஆரக்கிள் லினக்ஸ் கேவிஎம்மிலும், அது சொன்ன முறைப்படி பின் பண்ணினால் மட்டுமே ஏற்கிறது.

பாதுகாப்புக்காகப் பின் பண்ணுகிறேன் என்கிறவர்கள், ஒரே கோரின் இரண்டு ஹைப்பர்த்ரெட்களை இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் இருந்தாலே பெரிய காரியம். 2018 ஆகஸ்ட்டில் வெளியான எல்1டிஎஃப் குறைபாடு அந்த ஜோடி பகிரும் எல்1 கேஷில்தான் இருந்தது.

விஎம் மெதுவாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது விசிபியுக்களின் எண்ணிக்கையை. இதைச் சொல்லாமல் என்னால் பத்தியை முடிக்க முடியாது. மென்பொருள் விற்கிறவர் 16 கேட்டார் என்று 16 கொடுத்துவிடுகிறோம். அந்த விஎம் நாள் முழுக்க இரண்டைக்கூட நிரப்பாது. ஆனால் உள்ளே ஒரு விசிபியு ஸ்பின்லாக்கைப் பிடித்திருக்கும் நேரத்தில் ஹோஸ்ட் அதை இறக்கிவிட்டால், அந்தப் பூட்டு வேண்டி நிற்கும் மற்ற விசிபியுக்கள் சும்மா சுற்றிச் சுற்றி கோரை எரிக்கும். வோல்க்மார் உலிக்கும் அவரது சகாக்களும் 2004-லேயே இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். இன்டெலும் ஏஎம்டியும் இதற்காகவே சிப்பில் வசதி செய்து தர வேண்டியிருந்தது. நெரிசலான ஹோஸ்டில் பின் வேறு பண்ணியிருந்தால், பூட்டை வைத்திருக்கும் விசிபியு காலியான வேறு கோருக்குப் போய் அதை விடுவிக்கவும் வழியில்லை. 16-ஐ 4 ஆக்குங்கள். அந்த விஎம் மட்டுமில்லாமல், பக்கத்து விஎம்களும் நிம்மதியாக ஓடும்.

விசிபியு நிஜமாகவே காத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வதும் எளிது. லினக்ஸ் விஎம்முக்குள் டாப் காட்டும் 'எஸ்டி' எண், அதாவது ஸ்டீல் டைம், அதைத்தான் சொல்கிறது. இஎஸ்எக்ஸ்ஐயில் இஎஸ்எக்ஸ்டாப் காட்டும் ரெடி நேரம். இவை பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் உங்கள் பிரச்சினை ஷெட்யூலரில் இல்லை. டிஸ்க்கைப் பாருங்கள், குவெரியைப் பாருங்கள்.

யாரோ எப்போதோ பின் பண்ணிவிட்டுப் போன விஎம்கள் உங்களிடம் இருந்தால், முதலில் ஒரு வாரம் 'எஸ்டி'யைக் குறித்து வையுங்கள். பிறகு லிபவர்ட்டின் வர்ஷ் கருவியில் உள்ள விசிபியுபின் கட்டளையில் ஒவ்வொரு விசிபியுவுக்கும் கோர் எண்ணுக்குப் பதிலாக 'ஆர்' என்று கொடுங்கள். கட்டு அவிழ்ந்து எல்லா கோர்களும் திறந்துவிடும். லைவ், கான்ஃபிக் இரண்டு தெரிவுகளையும் சேர்த்துக் கொடுக்க மறக்காதீர்கள். லைவ் மட்டும் கொடுத்தால், விஎம்மை நிறுத்தி ஏற்றியதும் பழைய பின் திரும்பி வந்துவிடும். அடுத்த வாரமும் அதே எண்ணைக் குறித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.