ஊதலும் உண்மையும்

நுழையும்முன்

விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் இயல்பு. ஆயினும், போட்டி நேர்மையாக நடந்தது என்ற நம்பிக்கை இருந்தால்தான் தோற்றவர் மனம் ஆறும். கால்பந்துத் திடலில் அந்த நேர்மையைக் காப்பவர் நடுவர் மட்டும்தானா? வீரர்களுக்கும் அதில் பங்கு உண்டா? உலக அரங்கில் நடந்த சில போட்டிகளின் வழியே இவ்வினாவிற்கு விடை காண்போம்.

நடுவில் நிற்பவர்

எப்பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பவர் நடுவர். அணிக்கு 11 பேராக 22 வீரர்கள் ஆடும் திடலில் அவரும் அவர்களோடு ஓட வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்வதைக் கண்டு, உடனே முடிவு சொல்ல வேண்டும். பக்கக் கோடுகளை ஒட்டி நிற்கும் துணை நடுவர் இருவர் அவருக்கு உதவுவர். ஆயினும், ஊதல் அவர் கையில்தான் இருக்கிறது. பழியும் அவர் தலையில்தான் விழுகிறது.

நடுவர் எடுக்கும் முடிவுகளுள் மிகக் கடினமானது பெனால்டி வழங்குவது. தன் கோலுக்கு முன்னுள்ள தண்டப் பகுதிக்குள் ஒரு வீரர் எதிரணி வீரரை முறைகேடாக வீழ்த்தினாலோ, பந்தைக் கையால் தடுத்தாலோ, எதிரணிக்குப் பெனால்டி கிடைக்கும். கோலிலிருந்து 11 மீட்டர் தொலைவில் பந்து வைக்கப்படும். உதைப்பவருக்கும் கோல் காவலருக்கும் இடையில் வேறு எவரும் நிற்கக்கூடாது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அத்தனை இடத்தையும் ஒருவரே காக்க வேண்டியிருப்பதால், பெனால்டிகளில் பெரும்பாலானவை கோலாகவே முடிகின்றன. ஒரே ஒரு கோல் வெற்றியை முடிவு செய்துவிடும் ஆட்டத்தில் இது எத்துணைப் பெரிய பரிசு என்பதை எண்ணிப் பாருங்கள்.

விதி பிறந்த கதை

தொடக்கக் காலக் கால்பந்தில் பெனால்டி இல்லை. கோலுக்குள் செல்லவிருக்கும் பந்தை ஒரு வீரர் வேண்டுமென்றே கையால் தடுத்தாலும், எதிரணிக்குச் சாதாரணத் தனியுதை மட்டுமே கிடைத்தது. கோலுக்கு முன் அனைவரும் திரண்டு நின்று அதையும் தடுத்துவிடுவர். தவறு செய்தவரே பயனடையும் நிலை இது. அயர்லாந்தின் மில்ஃபோர்டு என்னும் சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். அவரே ஒரு கோல் காவலர் என்பது குறிப்பிடத்தக்கது. பண்புடைய ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே தவறு செய்வார்களா என்று கேட்டுப் பலர் எதிர்த்தனர். இறுதியில் 1891ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் அவ்விதி ஏற்கப்பட்டது.

தடுப்பவரின் வஞ்சனைக்குத் தண்டனையாகவே பெனால்டி பிறந்தது. ஆனால், காலப்போக்கில் அதுவே தாக்குபவரின் வஞ்சனைக்குத் தூண்டிலாயிற்று. யாரும் தள்ளாமலே விழுவதும், இலேசாகத் தொட்டதற்கே அலறிப் புரள்வதும், அடிபடாத இடத்தைப் பிடித்துக்கொண்டு துடிப்பதும் திடலில் தோன்றின. நடுவரை ஏமாற்றும் இத்தகைய பாசாங்கிற்கு மஞ்சள் அட்டை காட்ட வேண்டும் என்பது இன்றைய விதி.

ஒரு பொய், இரண்டு இழப்புகள்

2002ஆம் ஆண்டு உலகக்கோப்பையில், தென்கொரியாவின் உல்சான் நகரில் பிரேசிலும் துருக்கியும் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில், மூலை உதைக்காக நின்றிருந்த பிரேசில் வீரர் ரிவால்டோவை நோக்கித் துருக்கி வீரர் ஹக்கான் உன்சால் பந்தைச் சினத்துடன் உதைத்தார். பந்து ரிவால்டோவின் காலில் பட்டது. அவரோ முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். நடுவர் உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டையையும், அதன் விளைவாகச் சிவப்பு அட்டையையும் காட்டி அவரை வெளியேற்றினார். பந்து எங்கே பட்டது என்பதை உலகமே பின்னர்த் திரையில் பார்த்தது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு ரிவால்டோவுக்கு அபராதம் விதித்தது. ஆனால் தடை ஏதும் விதிக்கவில்லை. அவர் தொடர்ந்து ஆடினார். பிரேசில் அந்த ஆண்டு கோப்பையையும் வென்றது.

இங்கே துருக்கி ஒரு வீரரை இழந்தது. நடுவரும் ஒன்றை இழந்தார். தம் கண்ணெதிரே விழுபவரை நம்பும் மனத்தை இழந்தார். இந்த இரண்டாவது இழப்பின் விலையை யார் செலுத்துவர்? உண்மையில் அடிபட்டு விழும் அடுத்த வீரரே.

2014ஆம் ஆண்டு பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடிய போட்டி இதற்குச் சான்று. கூடுதல் நேரமாக வழங்கப்பட்ட இறுதி நிமிடங்களில் நெதர்லாந்து வீரர் ஆர்யன் ராபன் தண்டப் பகுதிக்குள் விழுந்தார். பெனால்டி கிடைத்தது, ஹுன்டெலார் அதைக் கோலாக்கினார், 2–1 என்ற கணக்கில் மெக்சிகோ வெளியேறியது. முதற்பாதியில் ஒருமுறை தாம் வேண்டுமென்றே விழுந்ததாக ஆட்டத்திற்குப் பின் ராபனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பெனால்டி பெற்றுத் தந்த வீழ்ச்சி மட்டும் உண்மையானது என்றார். ஆனால், மெக்சிகோ மக்கள் அதை நம்பவில்லை. ‘புலி வருகிறது’ என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை நாம் அறிந்ததே. முதற்குரல் பொய்யானால், இரண்டாம் குரல் மெய்யாயினும் எடுபடாது.

காணப்படாத காயம்

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 1982ஆம் ஆண்டு உலகக்கோப்பை அரையிறுதி ஸ்பெயினின் செவில் நகரில் நடந்தது. மேற்கு ஜெர்மனியின் கோல் காவலர் ஷூமாக்கர் பாய்ந்து வந்து மோதியதில், பிரான்சு வீரர் பத்திஸ்தோன் நினைவிழந்து வீழ்ந்தார். அவருடைய பற்கள் உடைந்தன; முதுகெலும்பிலும் காயம் ஏற்பட்டது. தூக்குப் படுக்கையில் அவரை எடுத்துச் சென்றனர். ஆயினும் நடுவர் அதனை முறைகேடாகக் கொள்ளவில்லை. பெனால்டியும் இல்லை, அட்டையும் இல்லை. 3–3 எனச் சமநிலையில் முடிந்த அப்போட்டியைப் பெனால்டி உதைகளின் வழியே மேற்கு ஜெர்மனி வென்றது.

மெய்யான வலியையும் நடிப்பையும் பிரித்தறிவது நடுவருக்கு எவ்வளவு அரிது என்பதை இவ்விரு வகை நிகழ்வுகளும் காட்டுகின்றன. நடிப்பவர் பெருகப் பெருக, அந்த அரிய பணி மேலும் அரிதாகிறது.

கருவி காட்டுவதும் காட்டாததும்

2018ஆம் ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக்கோப்பையில் காணொளி உதவி நடுவர் முறை முதன்முறையாகப் பயன்பட்டது. பல கோணங்களில் எடுக்கப்பட்ட படங்களைத் தனி அறையில் இருப்போர் ஆராய்ந்து, நடுவருக்குத் தகவல் தருவர். அந்த உலகக்கோப்பையில் கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கிற்கு மட்டுமே இம்முறை பொருந்தியது. முடிவெடுக்கும் உரிமை எப்போதும் திடலில் நிற்கும் நடுவருக்கே உரியது.

கோஸ்டாரிகாவிற்கு எதிரான ஆட்டத்தில் பிரேசிலின் நெய்மார் பின்புறமாகச் சாய்ந்து விழ, நடுவர் பெனால்டி வழங்கினார். பின்னர்த் திரையில் காட்சியைக் கண்டு அம்முடிவைத் தாமே திரும்பப் பெற்றார். அந்த உலகக்கோப்பையில் மொத்தம் 29 பெனால்டிகள் வழங்கப்பட்டன. அதற்கு முன் எந்த உலகக்கோப்பையிலும் இத்தனை வழங்கப்பட்டதில்லை. முன்பு தப்பிய தவறுகள் பல இப்போது அகப்பட்டன.

ஆனால், கருவிக்கும் எல்லை உண்டு. கால் காலில் பட்டதா என்பதைப் படம் காட்டும். பட்டதனால் விழுந்தாரா, பட்டதைச் சாக்காகக் கொண்டு விழுந்தாரா என்பதைப் படம் காட்டாது. அது விழுந்தவர் நெஞ்சுக்குத்தான் தெரியும்.

தானே விட்டுக்கொடுத்த பரிசு

2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹாங்காங்கில் நடந்த ஒரு கோப்பைப் போட்டியில் டென்மார்க்கும் ஈரானும் ஆடின. முதற்பாதி முடியும் நேரத்தில் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஓர் ஊதல் ஒலி கேட்டது. நடுவரே ஊதிவிட்டார் எனக் கருதிய ஈரான் வீரர் ஒருவர், தண்டப் பகுதிக்குள் இருந்த பந்தைக் கையில் எடுத்துவிட்டார். விதிப்படி அது தவறு. டென்மார்க்கிற்குப் பெனால்டி கிடைத்தது. டென்மார்க் வீரர் மார்ட்டன் வீகோர்ஸ்ட் தம் பயிற்சியாளரிடம் பேசிவிட்டு வந்து, பந்தை வேண்டுமென்றே கோலுக்கு வெளியே உதைத்தார். அந்த ஆட்டத்தில் டென்மார்க் 0–1 என்ற கணக்கில் தோற்றது.

நடுவர் சட்டப்படி சரியாகவே ஊதினார். கருவி இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருக்கும். எதிரணி வீரர் வஞ்சிக்கவில்லை என்ற உண்மையை மதித்தது வீகோர்ஸ்டின் மனம்தான். நடுவர் தாம் கண்டதற்குத் தீர்ப்புச் சொல்கிறார். வீரர் தாம் அறிந்ததற்கு உண்மையாக நடக்க வேண்டும். இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் ஆட்டம் நேர்மையாகிறது.

சொல்லும் பொருளும்

பாசாங்கு – பொய்யான நடிப்பு
வஞ்சனை – ஏமாற்று
தறுவாய் – நேரம், வேளை
சாக்கு – பொய்க்காரணம்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. பெனால்டி விதி ஏற்கப்பட்ட ஆண்டு
(அ) 1882 (ஆ) 1891 (இ) 1982 (ஈ) 2002
2. காணொளி உதவி நடுவர் முறை உலகக்கோப்பையில் முதன்முறையாகப் பயன்பட்ட நாடு
(அ) பிரேசில் (ஆ) ஸ்பெயின் (இ) ரஷ்யா (ஈ) தென்கொரியா

ஆ. பிரித்து எழுதுக.
1. கண்ணெதிரே 2. பெருகப்பெருக 3. முதற்பாதி

இ. சுருக்கமாக விடை தருக.
1. மெக்ரம் முன்வைத்த விதியைப் பலர் எதிர்த்தது ஏன்?
2. ரிவால்டோவின் செயலால் நேர்ந்த இரண்டு இழப்புகள் யாவை?
3. காணொளியால் காட்ட இயலாதது எது?

ஈ. ‘கண்ணில் மண் தூவுதல்’ என்னும் மரபுத்தொடரை, இப்பாட நிகழ்வு ஒன்றுடன் பொருத்தி ஒரு தொடரில் அமைக்க.

உ. சிந்தித்து எழுதுக.
உங்கள் பள்ளி அணியின் இறுதிப்போட்டியில், தவறாகக் கிடைத்த பெனால்டியை உதைக்கும் பொறுப்பு உங்களுக்கு வருகிறது. அணியினர் அனைவரும் வெற்றியை எதிர்நோக்கி நிற்கின்றனர். நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்கான காரணத்தை அணித்தோழருக்கு விளக்குவதுபோல் பத்து வரிகளில் எழுதுக.