யுபிஎஸ் பேட்டரி: வாரண்ட்டி முடியும் முன் சோதியுங்கள்

எங்கள் மணிமங்கலத்தில் கோடை மழை வந்தால் கூடவே மின்வெட்டும் வந்துவிடும். அப்படி ஒரு நாள் மின்சாரம் போனபோது, யுபிஎஸ் ஒரே ஒரு 'பீப்' கொடுத்துவிட்டு கம்ப்யூட்டரோடு அணைந்துவிட்டது. தம்பி இரண்டு மணி நேரம் டைப் செய்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சேவ் செய்யாததால் போய்விட்டது. பில்லை எடுத்துப் பார்த்தேன். வாரண்ட்டி முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. பேட்டரி அதற்கு முன்பே பலவீனமாகியிருக்கும். நான்தான் சோதிக்கவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

வீட்டு யுபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். கார் பேட்டரியைப் போலவே இதிலும் ஈயமும் கந்தக அமிலமும்தான். ஆனால் இது சீல் செய்யப்பட்டது, தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் திறன் குறையத் தொடங்கும். வெப்பம் ஆயுளைக் குறைக்கும் என்பதால் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் யுபிஎஸ்ஸை வையுங்கள்.

வாரண்ட்டி கார்டைப் படியுங்கள்

கார் பேட்டரி கார்டில் '18+18' என்று இருந்தால், முதல் 18 மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 18 மாதம் புது பேட்டரி விலையில் தள்ளுபடி மட்டுமே. யுபிஎஸ்ஸில், பேட்டரிக்குத் தனிக் காலம் தரப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மாற்றித் தந்த பேட்டரிக்குப் பொதுவாக மீதமுள்ள மாதங்களே பொருந்தும். தேதியும் சீரியல் எண்ணும் உள்ள பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

சோதிப்பது எப்படி?

1. யுபிஎஸ்ஸை 8 மணி நேரம் சார்ஜ் ஆக விடுங்கள்.
2. திறந்துள்ள ஃபைல்களை சேவ் செய்து மூடுங்கள்.
3. சுவர் ஸ்விட்சை அணைத்து, நேரத்தைக் குறியுங்கள்.
4. பீப் வேகமாக ஒலித்ததும் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, ஸ்விட்சைப் போடுங்கள்.

வாங்கிய வாரத்திலேயே ஒருமுறை சோதித்து, எத்தனை நிமிடம் தாங்கியது என்று கார்டில் எழுதிவையுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அந்த நேரம் பாதியாகக் குறைந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். வாரண்ட்டி முடிவதற்கு முந்தைய மாதம் கட்டாயம் சோதியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

மாற்றும்போது

அதே வோல்ட், அதே ஆம்பியர்-ஹவர் உள்ளதையே வாங்குங்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றாமல் கடையில் கிடந்தது சீக்கிரம் கெடும். பழையதைக் குப்பையில் போடாதீர்கள், ஈயம் நச்சு. கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

இன்றே பில்லைத் தேடி எடுத்து, வாரண்ட்டி முடியும் தேதியை காலண்டரில் குறித்துவிடுங்கள்.