டி.எல்.எல். பிழை வந்தால் ஃபார்மட்தானா?

குடவாசல் கடைத்தெருவில் எந்த டைப்பிங் சென்டரில் கேட்டாலும் இதே பேச்சு: "லாகினே வரலையா? ஓ.எஸ். போயிடுச்சு சார், ஃபார்மட் அடிச்சிரணும்." பழைய எக்ஸ்பி கணினியில் பாஸ்வேர்டு கேட்குமுன் 'இந்த டி.எல்.எல். ஏறவில்லை' என்று ஒரு பெட்டி வந்தால் போதும், இந்தத் தீர்ப்புதான். சுத்தத் தவறு.

எக்ஸ்பியில் லாகின் திரையைக் காட்டும் வேலையை வின்லாகன் என்ற நிரல், ஜினா என்ற டி.எல்.எல். கோப்பிடம் விட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் கொடுத்தது எம்எஸ்ஜினா. பிசிஎனிவேர், நாவெல் கிளையன்ட் போன்றவை தங்கள் ஜினாவைக் கொண்டுவந்து, ரெஜிஸ்ட்ரியில் வின்லாகனுக்குக் கீழே 'ஜினாடிஎல்எல்' என்ற இடத்தில் அதன் பெயரை எழுதிவிடும். பிறகு யாரோ அந்த மென்பொருளை அரைகுறையாக நீக்குவார்கள். கோப்பு போய்விடும், பெயர் நிற்கும். கோளாறு அவ்வளவுதான். உங்கள் ஃபைல் ஒன்றுகூடப் போகவில்லை.

எக்ஸ்பி சிடியில் பூட் செய்து, 'ஆர்' அழுத்தி ரெகவரி கன்சோலுக்குப் போங்கள். சிஸ்டம்32 ஃபோல்டரில் எம்எஸ்ஜினாவை, பிழைப் பெட்டி சொன்ன பெயரிலேயே காப்பி செய்யுங்கள். லாகின் வந்துவிடும். உள்ளே போனதும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 'ஜினாடிஎல்எல்' பதிவை நீக்குங்கள். பதிவு இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே எம்எஸ்ஜினாவை எடுத்துக்கொள்ளும். இதற்கா முழு டிஸ்க்கையும் துடைப்பது?

வெல்கம் ஸ்கிரீன் காணாமல் போனால் வைரஸ் என்கிறார்கள். வேறு ஜினா நிறுவினாலே எக்ஸ்பியில் அது மறையும். இணையத்தில் கிடைக்கும் டி.எல்.எல். கோப்பைப் போட்டால் சரியாகுமாம். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ஊர் பேர் தெரியாத கோப்பை வைப்பீர்களா? எம்எஸ்ஜினாவைக் காப்பி செய்யும் வைத்தியம் விண்டோஸ் 7-க்கும் பொருந்தும் என்பதும் பொய். விஸ்டாவிலேயே ஜினாவை எடுத்துவிட்டு கிரெடென்ஷியல் புரொவைடரைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது ஃபார்மட்டில் அழியும் தமிழ்க் கோப்புகளுக்காக. அந்தக் கணினிகளில் இருப்பது யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் அடித்த பத்திரங்களும் மனுக்களும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8-இல். இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? லாகின் சரியான அன்றே எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துருக் கோப்பையும் கூடவே எடுங்கள். அது இல்லாமல் திறந்தால் பத்திரம் முழுக்கப் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.