பாறைக்குள் ஓடும் தாது நரம்பு

நுழையுமுன்
இலையில் நரம்பு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாறையிலும் நரம்பு உண்டு. அதனைக் கண்டவுடன் பெருஞ்செல்வம் கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாமா? இப்பாடத்தைப் படித்து விடை காண்க.

இராஜஸ்தான் மாநிலத்தில் உதயப்பூருக்குத் தெற்கே, ஆரவல்லிக் குன்றுகளிடையே அமைந்த ஊர் ஜாவர். அங்குள்ள டோலமைட் பாறைகளில் காரீயம், துத்தநாகம் ஆகியவற்றின் தாதுக்கள் நரம்புகளாகவும் பட்டைகளாகவும் காணப்படுகின்றன. அவற்றோடு சிறிதளவு வெள்ளியும் உண்டு.

பாறைக்குள் உலோகம் எவ்வாறு வந்தது? பூமியின் ஆழத்தில் வெப்பமும் உப்பும் மிகுந்த நீர் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு நகர்கிறது. விரிசல்களின் வழியே செல்லும்போது அது குளிர்கிறது. அல்லது சூழ்ந்துள்ள பாறையோடு வினைபுரிகிறது. அப்போது கரைந்திருந்தவை படிகங்களாகப் படிகின்றன. விரிசல் நிரம்பியதும் நரம்பு உருவாகிறது. ஜாவரில், கடலடிப் படிவுகளோடு முதலில் தங்கிய உலோகங்கள், பின்னர் பாறைகள் மடிந்தபோது விரிசல்களில் செறிந்தன என்பர் புவியியலாளர் பலர்.

காரீயத்தின் தாது கலீனா. உடைத்தால் கனசதுரத் துண்டுகளாகப் பிரியும். நீரைப்போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு கனமுடையது. அதன் பளபளப்பைக் கண்டு வெள்ளி என மயங்குவோர் உண்டு. உண்மையில் வெள்ளி, கண்ணுக்குப் புலப்படாத அளவில் கலீனாவுக்குள் மறைந்திருக்கும். துத்தநாகத்தின் தாது ஸ்பாலரைட். அது பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் பிசின்போல் மினுங்கும்.

துத்தநாகத்தைப் பிரிப்பது எளிதன்று. தாதுவிலிருந்து அதனைப் பிரிக்கத் தேவையான வெப்பத்தில் அது ஆவியாகிவிடும். அதன் கொதிநிலை 907 பாகை செல்சியஸ். அந்த ஆவி காற்றுடன் கலந்தால் மீண்டும் ஆக்சைடாகிவிடும். ஆகவே பண்டைய ஜாவர் மக்கள் கத்தரிக்காய் வடிவ மண்கலங்களில் தாதுவை அடைத்து, ஓர் உலையில் 36 கலங்களைத் தலைகீழாக அடுக்கினர். ஆவி கீழிறங்கிக் குளிர்ந்து உலோகமாயிற்று. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய துத்தநாக உற்பத்தி, இங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடைபெற்றது. பயன்படுத்திய கலங்களை அடுக்கிக் கட்டிய சுவர்களை அவ்வூரில் காணலாம்.

எனினும், நரம்பெல்லாம் சுரங்கமாகாது. 20 செ.மீ. அகலமுள்ள ஒரு நரம்பில் 10 விழுக்காடு காரீயம் இருப்பதாகக் கொள்வோம். ஆள் நின்று வேலை செய்ய 1 மீட்டர் அகலமேனும் வெட்டவேண்டும். அப்போது ஐந்தில் நான்கு பங்கு வெறும் பாறையாகும். வெளிவரும் கல்லில் காரீயம் ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறையும். ஆகவேதான் புவியியலாளர் நரம்பின் அகலம், நீளம், ஆழம், செறிவு ஆகியவற்றைத் துளையிட்டு அளந்த பின்னரே முடிவு கூறுகின்றனர். மேற்பரப்பில் மின்னும் ஒரு துண்டு, அடியில் உள்ளதற்குச் சான்றாகாது.

இறுதியாக ஒரு சொற்செய்தி. தமிழில் காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. நம் வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்கவேண்டும். கலீனாவிலிருந்து கிடைக்கும் காரீயமோ உடலுக்கு நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். ‘ஈயம்’ என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டால், இவ்வேறுபாடு மறைந்துவிடும். சொல்லைக் காப்பது சில வேளைகளில் உயிரைக் காப்பதுமாகும்.

சொற்பொருள்
தாது – உலோகம் பிரித்தெடுக்கத்தக்க கனிமம்
செறிவு – அடர்த்தியாக அமைந்த தன்மை
புலப்படாத – தெரியாத
விழுக்காடு – நூற்றில் பங்கு

பயிற்சி
1. கலீனாவை வெள்ளி என மயங்குவது ஏன்?
2. மண்கலங்களைத் தலைகீழாக அடுக்கியதன் காரணம் யாது?
3. 25 செ.மீ. அகல நரம்பில் 8 விழுக்காடு காரீயம் உள்ளது. 1 மீட்டர் அகலம் வெட்டினால் செறிவு ஏறத்தாழ எவ்வளவாகும்?
4. பிரித்து எழுதுக: காரீயம், வெள்ளீயம்.
5. உம் வீட்டுப் பெரியோரிடம் ஈயச்சொம்பு பற்றிக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.