கடைக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு புரொஃபைல்

மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டரில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. காலையில் முதலாளி வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். பிறகு கணக்கர் வந்து ஜி.எஸ்.டி. தளத்தைத் திறக்கிறார். மதியம் கல்லாவில் உட்காருபவர் வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்களைப் பார்த்துப் பில் போடுகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளை அதிலேயே சினிமாப் பாட்டுத் தேடுகிறது. பேரேட்டையும் சிட்டையையும் வீட்டுச் செலவு நோட்டையும் ஒன்றாகத் தைத்து வைக்க நம்மில் யாரும் சம்மதிக்க மாட்டோம். பிரௌசரில் மட்டும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

இதில் வரும் சங்கடத்துக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். அண்ணன் பெயரில் மொத்த வியாபாரம், தம்பி பெயரில் சில்லறைக் கடை, ஜி.எஸ்.டி. எண் இரண்டு, கணக்கர் ஒருவர், கம்ப்யூட்டர் ஒன்று. 20ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டிய அவசரத்தில், அண்ணன் கணக்கு திறந்திருக்கும்போதே பக்கத்து டேபில் தம்பி கணக்கையும் திறக்கிறார். ஒரு தளத்தில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்தவுடன், 'இவர் இன்னார்' என்று அத்தளம் ஓர் அடையாளச் சீட்டைப் பிரௌசரிடம் கொடுத்து வைக்கிறது. அதற்குக் குக்கி என்று பெயர். இரண்டாவது ஆள் நுழைந்தால் பெரும்பாலான தளங்களில் முதல் சீட்டு செல்லாததாகிவிடும். ஆனால் பழைய டேபில் அண்ணன் பெயர் அப்படியே தெரிந்துகொண்டிருக்கும். எந்த டேபில் யார் கணக்கு என்ற குழப்பம் இங்கேதான் ஆரம்பமாகிறது. தாக்கல் செய்துவிட்ட ஜி.எஸ்.டி.ஆர்-3பி-யைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்ய வழியில்லை. பின்வரும் ரிட்டர்னில்தான் சரிக்கட்ட வேண்டும்.

இதற்குப் பரிகாரம் புரொஃபைல். ஒரே பிரௌசருக்குள் தனித்தனி அறைகள் என்று வைத்துக்கொள்ளலாம். குக்கி, சேமித்த பாஸ்வேர்டு, பார்த்த பக்கங்களின் பட்டியல், புக்மார்க் எல்லாம் அறைக்கு அறை தனி. அண்ணன் கடைக்கு ஒன்று, தம்பி கடைக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டு கணக்குகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம். இரண்டு வாட்ஸ்அப் எண்களையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இது புதுச் சரக்கு அல்ல. 1997-இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரிலேயே, 'எந்தப் புரொஃபைல்?' என்று கேட்டுவிட்டுத் திறக்கும் வசதி இருந்தது.

குரோமில் மேலே வலது ஓரத்தில் உள்ள வட்டப் படத்தை அழுத்தினால் புதிய புரொஃபைல் சேர்க்கும் இடம் வரும். பெயராகக் கடைப் பெயரையே வையுங்கள். நிறமும் வேறு வேறாகக் கொடுங்கள். ஜன்னலின் மேற்பட்டை பச்சையா மஞ்சளா என்று பார்த்தாலே எந்தக் கடை என்று தெரிந்துவிடும். புரொஃபைல்களை நிர்வகிக்கும் பக்கத்தின் அடியில், பிரௌசரைத் திறக்கும்போது கேட்கவேண்டுமா என்பதற்கு ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் கடைசியாக யார் உபயோகித்தாரோ அவருடைய அறையே திறக்கும்.

ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள், எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு, விண்டோஸ் பட்டனுடன் 'ஆர்' எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ஃபயர்பாக்ஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, சிறு கோடும் 'பி' எழுத்தும் சேர்க்கவேண்டும். புரொஃபைல் பட்டியல் வரும். கேட்காமலே திறக்கச் சொல்லும் டிக்கை அங்கே எடுத்துவிடலாம்.

டவுன்லோடு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அறைகள் வேறானாலும் இறங்கும் பைல்கள் எல்லாம் வழக்கமாக ஒரே போல்டரில்தான் விழும். செட்டிங்ஸில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனிப் போல்டர் காட்டிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். புரொஃபைல் என்பது தடுப்புச் சுவர்தான், பூட்டு அல்ல. கம்ப்யூட்டர் முன் உட்காரும் எவரும் பெயரை அழுத்தி அடுத்தவர் அறைக்குள் போய்விடலாம். அங்கே சேமித்த பாஸ்வேர்டு தானாகவே நிரம்பிக்கொள்ளும். ஆகவே வங்கி வேலைக்குப் புரொஃபைல் போதாது என்பதே நம் கருத்து. முதலாளிக்கு விண்டோஸிலேயே தனிக் கணக்கும் அதற்கொரு பாஸ்வேர்டும் வேண்டும். வங்கி பாஸ்வேர்டைப் பிரௌசரில் சேமிக்கவே வேண்டாம்.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. பல கடைகளில் புரொஃபைல் திறக்கும்போது கணக்கர் தம்முடைய சொந்த ஜிமெயிலைக் கொடுத்துவிடுகிறார். கெட்ட எண்ணத்தில் அல்ல, கேட்டது, கொடுத்தார், அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் புரொஃபைலில் சேமிக்கப்படும் கடைப் பாஸ்வேர்டுகள் அவருடைய கூகுள் கணக்கில் போய்ச் சேரலாம். அவர் வேலையை விட்டு நின்றபின் நாம் கடையில் புரொஃபைலை அழித்தால், நம் கம்ப்யூட்டரில் இருப்பது மட்டுமே அழியும். அவர் போனில் இருப்பது அப்படியே இருக்கும். எனவே கடைக்கென்று தனி ஜிமெயில் ஒன்று திறந்து, அதன் மீட்பு எண்ணாக முதலாளியின் போன் எண்ணைக் கொடுங்கள். அல்லது எந்தக் கணக்கும் இணைக்காமலே புரொஃபைல் திறக்கலாம். குரோம் அதற்கும் இடம் தருகிறது. ஆள் மாறும்போது ஜி.எஸ்.டி., ஈ-வே பில், மின்னஞ்சல் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகளை அன்றே மாற்றிவிட வேண்டும். கல்லாச் சாவியைத் திரும்ப வாங்குவது போலத்தான் இதுவும்.

ஆடிட்டர் ஆபீஸ் பையனோ, கம்பெனி விற்பனைப் பிரதிநிதியோ 'ஒரு நிமிடம் மெயில் பார்க்கவேண்டும்' என்று கேட்டால், குரோமில் 'கெஸ்ட்' என்ற விருந்தாளி ஜன்னலைத் திறந்து கொடுங்கள். அதன் வழியே நம் பாஸ்வேர்டுகளும் பட்டியல்களும் தெரியாது. கெஸ்ட் ஜன்னல்களை எல்லாம் மூடியதும் அவர் பார்த்த பக்கங்களின் பட்டியலும் குக்கியும் நீங்கிவிடும். டவுன்லோடு செய்த பைல் மட்டும் தங்கும். அதை நாம்தான் அழிக்கவேண்டும்.